முதலில் யார் பேசுவது

நுரையீரல் முழுக்கத் திரவத்தை நிரப்பிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறவனால் பேச முடியாது. புதிய ஆழ்கடல் உடை தூத்துக்குடிக்கு வந்தபோது எல்லோரும் அதன் நல்ல பக்கங்களைத்தான் பார்த்தார்கள். காற்றுக்குப் பதிலாகப் பிராணவாயு கரைந்த வெதுவெதுப்பான திரவத்தைச் சுவாசிப்பதால் எழுநூறு மீட்டர் ஆழத்திலும் நெஞ்சுக்கூடு நசுங்காது. மேலே வரும்போது நடுவழியில் மணிக்கணக்காகத் தொங்கிக் கிடக்க வேண்டாம், விறுவிறுவென்று தூக்கிவிடலாம். வாய் மட்டும் ஊமையாகிவிடும். அதற்கும் வழி செய்திருந்தார்கள். ஒரு வார்த்தையைச் சொல்ல நினைத்த உடனே தொண்டைத் தசை லேசாக அசையும். கழுத்தில் கட்டும் பட்டை அந்த அசைவைப் பிடித்து எழுத்தாக்கும். எழுத்து கம்பி வழியாகப் படகுக்கு வரும், அங்கே ஒரு இயந்திரக் குரல் அதை வாசிக்கும். மேலேயிருந்து பேசுவதும் எழுத்தாகவே இறங்கி, உடைக்குள் அதே இயந்திரக் குரலில் காதில் கேட்கும்.

பட்டைக்கும் படகுக்கும் நடுவே ஓடும் புரோகிராமை எழுதியவள் மெல்டா. கீழே இறங்குகிறவன் ரெமி, அவளுடைய கணவன். மேலே கம்பியைப் பிடித்து நிற்கிறவர் கஸ்பார், அவளுடைய அண்ணன். ரெமியும் கஸ்பாரும் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பேசாத ஆளையா கம்பி பிடிக்க வைப்பார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் வேறு மாதிரி வைக்கத் தெரியாது. முத்துக் குளித்த காலத்திலிருந்தே குளிப்பவனின் கயிறு மச்சான் கையில்தான். மற்றவன் அசந்துபோகலாம், அண்ணன்காரன் அசரமாட்டான், ஏனென்றால் தங்கச்சியின் தாலி அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது. முத்தும் போய், சங்கும் போய், இப்போது கடலடி நீரோட்டத்தில் சுற்றி மின்சாரம் தரும் ராட்சத விசிறிகள் வந்துவிட்டன. அவற்றைப் பழுதுபார்க்க ஆள் எடுக்கிற கம்பெனிக்காரனும் பெயரைக் கேட்ட கையோடு "மச்சான் இருக்காரா?" என்றுதான் கேட்கிறான்.

சண்டைக்குக் காரணம் குழந்தை மரிஷாவின் ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாகத் தாய்மாமனை நிறுத்தாமல், ரெமி தன்னோடு படித்த நண்பன் ஒருவனை நிறுத்திவிட்டான். மச்சான் எப்படியும் தாய்மாமன், ஒரே ஆளுக்கு இரண்டு பதவி எதற்கு என்று நியாயம் சொன்னான். கணக்குக்குச் சரியாக வரும் நியாயம், குடும்பத்துக்கு உதவாது. அந்த நாளுக்கென்று தைத்த வெள்ளைச் சட்டையோடு கஸ்பார் கோவிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பூசை முடிந்ததும் பிரியாணியில் கை நனைக்காமல் போய்விட்டார். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய போர் அறிவிப்பு கிடையாது.

அதற்குப் பிறகு வேலை நடந்தது, பேச்சு நின்றது. ஆழம் குறைந்த இடங்களில் பழைய உடையோடு இறங்கும்போது கயிற்றைச் சுண்டிக் காட்டும் சைகை போதுமாயிருந்தது. படகில் தொட்டுவிடும் தூரத்தில் நின்றுகொண்டு மெல்டா வழியாகப் பேசிக்கொள்வார்கள்.

"மெல்டா, உன் வீட்டுக்காரன்ட்ட சொல்லு. இடுப்பு வாரு ஒரு பக்கம் ஏறி நிக்கு."

"அது எனக்கே தெரியும்னு உங்க அண்ணன்ட்ட சொல்லு மெல்டா." சொல்லிக்கொண்டே ரெமி வாரை இறக்கிச் சரிசெய்வான்.

இரண்டு பேர்மீதும் மெல்டாவுக்கு உயிர். இரண்டு பேரையும் சேர்த்துக் கடலில் தள்ளிவிட்டால் என்ன என்றும் வாரத்துக்கு ஒருமுறை தோன்றும்.

உடையோடு கம்பெனி கொடுத்த புரோகிராம் தமிழ்த் தொண்டைக்கு ஒத்துவரவில்லை. ரெமி 'கொஞ்சம் இருங்க' என்று நினைத்தால் இயந்திரம் வாய்க்கு வந்ததை உளறியது. அதனால் மெல்டாவே ஜாவாவில் புதிதாக எழுதினாள். அந்த மொழி அவளுடைய அம்மாவைவிட மூத்தது. ஆனால் துறைமுகத்துக்குள் நுழைந்த எதுவும் லேசில் ஓய்வு பெறாது. படகில் சர்வர், உடையில் கிளையண்ட், கம்பியின் இரு நுனியிலும், சேதி வந்துபோகும் வாசலாக, ஆளுக்கொரு சாக்கெட். வேலை பார்க்க ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு த்ரெட். த்ரெட் என்றால் புரோகிராமுக்குள் இருக்கும் வேலையாள் என்று வைத்துக்கொள்ளலாம். அவன் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்வான். மேலே இருப்பவர் பேசுவார், கீழே இருப்பவன் கேட்பான். பிறகு அவன் பேசுவான், இவர் கேட்பார். மேலேயிருந்து தொடங்குவது என்று மெல்டா தீர்மானித்திருந்தாள்.

இது எப்படியோ கஸ்பார் காதுக்குப் போனது. ஒரு நாள் ரெமி இல்லாத நேரம் பார்த்து வீட்டுக்கு வந்தார். மரிஷாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏட்டி, அந்தக் கருவியில நான்தான் முதல்ல பேசணுமாமே."

"ஆமாண்ணே. மேல இருந்துதான் ஆரம்பிக்கணும்."

"அது நடக்காது. அவன் பேசட்டும், நான் பதில் சொல்லுதேன். வேலைன்னா வேலை, மறுக்கல. ஆனா நான் முதல்ல வாயத் தொறந்தேன்னு இருக்கக்கூடாது."

மெல்டா வாதாடவில்லை. படகுப் பக்கம் முதலில் கேட்கும்படி மாற்றினாள். உடைப் பக்கம் முதலில் பேசும்படி மாற்றினாள். வேலை சுத்தமாக முடிந்தது. அண்ணன் வந்து போனதை ரெமியிடம் சொல்லவில்லை. ஒருவர் பேச்சை இன்னொருவர் காதுக்குக் கொண்டுபோகாமல் இருந்தே அவள் இத்தனை நாள் குடும்பம் நடத்தியிருந்தாள்.

சில நாள் கழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரெமி தட்டைப் பார்த்தபடியே ஆரம்பித்தான்.

"மெல்டா, கீழ போனதும் நான் முதல்ல பேசணுமா என்ன?"

"பேசுனா என்ன? முத்து உதுந்துருமா?"

"உங்க அண்ணன் கேக்கட்டும், நான் பதில் சொல்லுதேன். அவரு பெரியவரு, அவருதானே தொடங்கணும்? எனக்காக இது ஒண்ணு மட்டும் மாத்திரு."

மரிஷாவுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல். இடுப்பில் குழந்தையோடு, மனதுக்குள் இரண்டு ஆண்களையும் வறுத்தெடுத்துக்கொண்டே, மெல்டா கணினியைத் திறந்து உடைப் பக்கத்தை 'முதலில் கேட்பது' என்று மாற்றி மூடினாள். படகுப் பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை. இந்தத் தவறில் புரோகிராமர் பங்கு பாதி, தங்கச்சி பங்கு பாதி.

சோதித்துப் பார்க்காமல் இல்லை. படகுப் பெட்டியை மேஜையில் வைத்து, தானே ரெமியாக நடித்து முதலில் பேசிப் பார்த்தாள். பதில் ஒழுங்காக வந்தது. உடைப் பெட்டியை வைத்து, தானே அண்ணனாக நடித்து முதலில் பேசினாள். அதுவும் ஒழுங்காக வந்தது. இரண்டையும் எதிரெதிரே வைக்கவில்லை. அந்த இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைப்பதையும் அவள் எப்போதோ விட்டிருந்தாள்.

இறங்கும் நாள் வந்தது. நல்ல வெயில், கடல் அமைதியாக இருந்தது. மரிஷாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மெல்டாவும் படகில் ஏறினாள். விசிறி ஒன்றில் மீன்வலை சிக்கியிருந்தது. விசிறியைப் படகிலிருந்தே பூட்டி நிறுத்தியாயிற்று. ரெமி போய், மூடிக்குள் கையை விட்டு வலையை அறுத்து எடுத்துவிட்டு வரவேண்டும். எல்லாம் முன்பே பேசிவைத்தது, மெல்டா வழியாகத்தான். எல்லாம் சரியாக நடந்தால் ஒரு வார்த்தைகூடத் தேவைப்படாது. இரண்டு பேருக்கும் அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது.

ரெமி அடியைத் தொட்டான். இணைப்பு விளக்கு பச்சையாக எரிந்தது. ஒலிபெருக்கி ஊமையாக இருந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. வேறு எந்தப் படகிலாவது இந்த மௌனம் நடந்திருந்தால் உடனே பதறியிருப்பார்கள். இந்தப் படகில் அதுதான் வழக்கம்.

கவலை வேறு பக்கமிருந்து வந்தது. உடைக்குள் போகும் திரவத்தைச் சூடாக்கி அனுப்பும் பம்பு சட்டென்று நின்றது. கஸ்பார் ஓடிப்போய்த் தட்டினார், உதைத்தார், மாற்றுப் பம்பைப் போட்டார். அதுவும் முனகிவிட்டுப் படுத்தது. சூட்டைக் காட்டும் முள் இறங்கத் தொடங்கியது. எழுநூறு மீட்டர் ஆழத்துக் குளிர் நுரையீரலுக்குள்ளேயே புகுந்துவிட்டால் மனிதன் சிறிது நேரத்தில் தூங்கிப்போவான். பிறகு எழுந்திருக்கமாட்டான். உடனே தூக்க வேண்டும்.

தூக்க முடியாது. ரெமியின் கை விசிறி மூடிக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று தெரியாது. உள்ளே இருக்கும்போது கம்பியைச் சுருட்டும் மின்கப்பி இழுத்தால் கை தோளோடு போய்விடும்.

கஸ்பார் கப்பியின் பிடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஒலிபெருக்கியை முறைத்தார். "சொல்லித் தொலைல," என்றார் முணுமுணுப்பாக. "இப்பவுமா வீம்பு?"

கீழே ரெமியும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான் என்று பிறகு தெரிந்தது.

முள் இன்னும் இறங்கியது. கஸ்பார் மைக்கைப் பிடுங்கினார்.

"மாப்ள. லேய் மாப்ள, கேக்கியா? கை வெளிய இருக்கா? ஒரு வார்த்த சொல்லு. ஞானத்தகப்பனும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம். எம் மேலதான் தப்பு, வச்சுக்கோ. கை வெளியன்னு மட்டும் சொல்லு மாப்ள."

ஒலிபெருக்கியில் ஒன்றும் வரவில்லை. விளக்கு பச்சையாகவே எரிந்தது. மெல்டா திரையைப் பார்த்தாள். அண்ணனுடைய வார்த்தைகளில் ஒன்றுகூடக் கம்பியில் இறங்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது.

"அண்ணே, நீங்க பேசுனது போவல."

"லைன் பச்சையாத்தானே இருக்கு?"

"லைன்ல கோளாறு இல்ல. உங்க பக்கம், அவரு முதல்ல பேசட்டும்னு காத்திருக்கு. அவரு பக்கம், நீங்க முதல்ல பேசட்டும்னு காத்திருக்கு."

"நான்தான் பேசிட்டேம்லா."

"பேசிட்டீங்க. அத எடுத்துட்டுப் போவ ஆளில்ல. உள்ள இருக்கது ஒரே ஆளு. அவன் வாசல்ல நின்னு, கீழ இருந்து வார சேதிக்குக் காத்துக் கெடக்கான். அத வாங்குனாத்தான் உங்க பேச்ச எடுக்கத் திரும்புவான். கீழயும் ஒருத்தன் இதே மாதிரி வாசல்ல நிக்கான்."

"அவனக் கூப்பிட்டு உள்ள வரச் சொல்லு."

"காத்திருக்கும்போது அவனுக்கு வேற எதுவும் கேக்காதுண்ணே."

கஸ்பார் அவளையே பார்த்தார். "எங்கள மாதிரியே ரெண்டு பேரச் செஞ்சு வச்சிருக்க."

"உங்களுக்காகத்தானே செஞ்சேன்."

"நிறுத்திட்டுத் திருப்பி ஓட்டு."

"நிறுத்துனா இணைப்பு அறுந்துரும். அறுந்தா, ஆபத்துன்னு நெனச்சு உடையே எடையெல்லாம் கழத்திவிட்டு அவர மேல எறிஞ்சிரும். கை உள்ள இருந்தா?"

மெல்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்குள் நுழைய அவள் தனக்கென்று ஒரு பின்வாசல் வைத்திருந்தாள். வாசலில் காத்துக் கிடப்பவனை அவள் தொடவில்லை, கிடக்கட்டும். அதே சாக்கெட்டில், பேசுவதற்கென்று மட்டும் இரண்டாவதாக ஒரு த்ரெட்டை உண்டாக்கவேண்டும். ஒருவன் கேட்டுக்கொண்டே இருப்பான், இன்னொருவன் பேசிக்கொண்டே இருப்பான், ஒருவருக்காக ஒருவர் நிற்கவேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு வரிதான். கல்லூரியில் படிக்கிற எந்தப் பிள்ளையும் எழுதும். தாலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, முள் இறங்குவதைக் கண்ணோரத்தில் பார்த்துக்கொண்டு எழுதுவதுதான் கஷ்டம்.

த்ரெட் ஓடத் தொடங்கியது. மைக் பழைய ஆளோடு கட்டப்பட்டிருந்ததால் புதியவனுக்குக் கீபோர்டுதான் வாய். என்ன தட்டுவது என்பதில் இன்னொரு சிக்கல் இருந்தது. கீழே இருப்பவன் கம்பி பிடிப்பவருடைய சொல்லுக்கு மட்டும்தான் கட்டுப்பட வேண்டும், கம்பெனி முதலாளியே சொன்னாலும், பெண்டாட்டியே சொன்னாலும் அசையக்கூடாது என்பது தொழில் சட்டம். இரண்டு பேர் உத்தரவு போட்டு ஆள் போன கதைகள் உண்டு. கஸ்பார் கப்பியின் மேல் குனிந்து நின்றார், முதுகுதான் தெரிந்தது. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அவரைக் கூப்பிட்டுக் கேட்க மெல்டாவுக்கு மனம் வரவில்லை, நேரமும் இல்லை. அவளே தட்டினாள்.

'மாப்ள, நான் மச்சான். சூடு நின்னுட்டு. கைய எடுத்துட்டுச் சொல்லு, தூக்குதேன். பயப்படாத, நான் இங்கனதான் இருக்கேன்.'

வரி கீழே போனது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒலிபெருக்கி, செய்தி வாசிக்கும் பெண்ணின் உணர்ச்சியில்லாத குரலில் சொன்னது:

"மச்சான். கைய எடுத்துட்டேன். தூக்குங்க."

கஸ்பார் நிமிர்ந்தார். "மச்சான்னா சொன்னான்?"

"அண்ணே, தூக்குங்க முதல்ல."

கப்பி இரைந்தது. ரெமி மேலே வந்தபோது உதடு நீலமாக இருந்தது. இருவரும் அவனைப் படகின் விளிம்பில் தலைகீழாகச் சாய்த்துத் திரவத்தை வடித்தார்கள். கஸ்பார் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினார். தட்டுவதற்கு நடுவே, "செத்துத் தொலையப் பாத்தியேல, செத்துத் தொலையப் பாத்தியே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு மெல்டா வழியாக வராமல் நேராக அவன் காதில் விழுந்த பேச்சு அது. ரெமி இருமினான், மூச்சு வந்தது, மச்சான் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மெல்டா தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதாள்.

அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு த்ரெட் வைத்தாள். மற்றப் படகுகளும் வாங்கிப் போட்டுக்கொண்டன. அதனால் வந்த வில்லங்கங்கள் வேறு. முன்பு ஒரு வாக்கியம் முடிந்த பிறகுதான் மேலே போகும். இப்போது பேசும் த்ரெட் எந்நேரமும் திறந்திருந்தது, தொண்டையில் அசைந்ததெல்லாம் போனது. பக்கத்துப் படகில் ஒரு மாப்பிள்ளை கடலடியில் மாமியாரைத் திட்டிக்கொண்டே வேலை செய்ய, மேலே மாமியாரின் மகன் முழுவதையும் கேட்டுவிட்டார். அந்த வீட்டில் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. வாயை மூடிக்கொள்ள ஒரு பொத்தான் வேண்டும் என்று மனுக்கொடுத்தார்கள், மெல்டா அதையும் செய்துகொடுத்தாள். ரெமி மட்டும் அந்தப் பொத்தானை அமுக்குவதில்லை. கீழே அவன் பசிப்பதையும் பாடுவதையும் புலம்புவதையும் கஸ்பார் மேலே கேட்டுக்கொண்டிருப்பார், நடுநடுவே பதிலுக்கு வசவும் அனுப்புவார். இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

மானத்தை மட்டும் இருவரும் விட்டபாடில்லை. "நான் ஒண்ணும் எறங்கிப் போவல. அவந்தான் மச்சான்னு கூப்பிட்டான்," என்று கஸ்பார் மீன் ஏலக் கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். மைக்கில் கத்தியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் கீழே போகவில்லையே. ரெமியோ டீக்கடையில், "மச்சான்தான் முதல்ல மாப்ளன்னு கூப்பிட்டாரு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். நடுவில் மெல்டாவுக்குத்தான் நெஞ்சு குறுகுறுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை மெல்டாவும் ரெமியும் மடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே வாசலில் கஸ்பார் மரிஷாவுக்குப் படகு செய்து காட்டிக்கொண்டிருந்தார்.

"உங்கள்ட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள் மெல்டா. "அன்னைக்கு மேல இருந்து வந்தது அண்ணன் பேச்சு இல்ல. நான் தட்டுனது."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"பயப்படாதன்னு வந்துச்சே. உங்க அண்ணன் ஜென்மத்துல அப்படிச் சொல்லுவாரா? செத்துத் தொலையாதன்னுதான் சொல்லுவாரு."

மெல்டாவின் கையில் துண்டு அப்படியே நின்றது. "தெரிஞ்சுமா கைய எடுத்தீங்க? கம்பி பிடிக்கவங்க சொல்லாம எடுக்கக்கூடாதுன்னு சட்டம்லா."

"நீ சொன்னா எடுக்காம?"

அவளுக்கு முகம் சிவந்தது. கொஞ்சம் கழித்துத்தான் அடுத்தது உறைத்தது. "அப்ப நான்னு தெரிஞ்சும் எதுக்கு மச்சான்னு சொன்னீங்க?"

ரெமி ஒரு சட்டையை மடித்தான். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தான். "நீ தட்டுதன்னா, அவரு பக்கத்துல நிக்காருன்னு அர்த்தம். திரும்பி வருவனோ மாட்டனோன்னு இருந்துச்சு. அவரு காதுல விழட்டும்னு சொன்னேன்."

"அப்ப முதல்ல பேசுனது நீங்கதான்."

"சத்தம் போடாத. கீழதான் இருக்காரு." வீம்பாகச் சொல்ல முயன்றான், சிரிப்பு வந்துவிட்டது.

மெல்டா சிரிக்கவில்லை. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மைக்கைப் பிடுங்கிக்கொண்டு அண்ணன் சொன்னது எல்லாவற்றையும், எம் மேலதான் தப்பு என்றதையும், அதில் ஒரு வார்த்தைகூடக் கீழே இறங்காததையும் சொன்னாள்.

ரெமி மாடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தான். கஸ்பார் தரையில் மண்டியிட்டு, வாயால் மோட்டார் சத்தம் போட்டுக்கொண்டு, குழந்தைக்கு முன்னால் காகிதப் படகை ஓட்டிக்கொண்டிருந்தார். ரெமியின் கண் நிறைந்துவிட்டது.

"நீ இத என்ட்ட சொல்லுவன்னு அவருக்குத் தெரியுமா?"

"நான் கேட்டேன்னு தெரியும். உங்கள்ட்ட சொல்லமாட்டேன்னு நெனச்சுட்டு இருப்பாரு."

"அப்படியே இருக்கட்டும். சொன்னதா காட்டிக்காத." அவன் துணிக்கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். "நான் முதல்ல கூப்பிட்டதாவே இருக்கட்டும்."

அன்று சாயங்காலம் டீக்கடையில் ரெமி கதையை மாற்றிச் சொன்னான்.